வயல் படம் சாட்சியாக நிற்க: ஹாஷ் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்துவிட்டால், திருவாரூர், நாகை பக்கம் இப்போது முதலில் எடுப்பது செல்போனைத்தான். பயிர் காப்பீட்டுத் தகராறு கோர்ட் வரை போனால் அந்தப் படம்தான் பேசும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில் அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும்.

ஃபைலில் உள்ள ஒவ்வொரு பிட்டையும் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய துண்டு) சேர்த்துக் கணக்கிட்டு வரும், எழுத்தும் எண்ணும் கலந்த குறிதான் ஹாஷ். ஒரு பிட் மாறினாலும் குறி அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

அதனால்தான் வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு ஹாஷ் எடுப்பதைப் பெரிய தவறு என்கிறேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். கண்ணுக்கு அதே கதிர், அதே வரப்பு; கணினிக்கு அது வேறு ஃபைல். போனில் உள்ள மூலப் படத்தைக் கேபிள் போட்டு காப்பி செய்யுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எதுவும் மூலத்தில் வேண்டாம். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் ஹாஷ் மாறாது, பயப்பட வேண்டாம்.

அப்புறம், ஹாஷைக் கணக்கிடப் பல முறைகள் உண்டு; எந்த முறை என்று பார்க்காமல் வந்த குறியை எழுதிவிடுகிறார்கள். எண்ணிப் பாருங்கள்: 64 எழுத்து இருந்தால் எஸ்ஹெச்ஏ-256. 40 என்றால் எஸ்ஹெச்ஏ-1, 32 என்றால் எம்டி5. எம்டி5 2004லேயே உடைந்தது, அதாவது வெவ்வேறு தரவுக்கு ஒரே குறி வரவைக்க முடிந்தது. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களும் ஒரே எஸ்ஹெச்ஏ-1 குறி வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டினார்கள். சான்றிதழ் படிவத்தில் இந்தப் பழைய இரண்டுக்கும் கட்டம் இருக்கிறது. இருந்தாலும் 256ஐயே எடுங்கள்.

பிறகு மறுபடி ஹாஷ் எடுத்து, எழுதி வைத்ததோடு ஒப்பிடும்போது முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தோடு நிறுத்தாதீர்கள். முழுக் குறியும் பொருந்த வேண்டும். படம் இருக்கும் பென்டிரைவிலேயே ஹாஷையும் வைப்பது வீண், படத்தை மாற்றுகிறவர் அதையும் மாற்றிவிடுவார். ஹாஷை அன்றைக்கே வக்கீலுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள்.

ஹாஷ் எடுத்த பிறகு ஃபைல் மாறவில்லை என்பதை மட்டும்தான் ஹாஷ் காட்டும். அது யார் வயல் என்று சொல்லாது. அதனால் பக்கத்து மதகோ மின்கம்பமோ தெரியும்படி படத்தை எடுங்கள்.