டிரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்: மைலேஜைத் தின்னும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிக்கப் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஒரே குறைதான். "டிரெய்லரை மாட்டுனா டீசல் தண்ணியா ஓடுதுண்ணே." உடனே மெக்கானிக்கிடம் போய் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் கோளாறு பெரும்பாலும் இன்ஜினில் இல்லை. லோடு ஏற்றும் விதத்திலும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் விதத்திலும்தான் இருக்கிறது.

எல்லா லோடையும் ஒன்றுபோல நினைப்பதுதான் முதல் தவறு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை (சிமெண்ட் டைல்) எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் அங்குலக் கனத்தில் சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ வரும். 350 சதுர அடி ஏற்றினால் 1.4 டன். ஆனால் பின்னால் பார்த்தால் பாதி இடம் சும்மா கிடக்கும். "இடம் கெடக்கே, இன்னும் ரெண்டு வரிசை அடுக்குங்கண்ணே" என்பார் வீடு கட்டுகிறவர். கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும் அந்த லோடுதான் ஆர்.சி. புத்தகத்தில் வண்டிக்கு அனுமதித்திருக்கும் எடையைத் தாண்டிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஏற்றுகிற பழைய அலமாரியும் நாற்காலியும் இதற்கு நேர்மாறு. எடை குறைவு, உயரம் அதிகம்.

கல் லோடு, நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் டீசல் குடிக்கும். வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தைப் பிடிக்க மட்டுமே சுமார் 50 மில்லி டீசல் செலவாகும். இருபது தடவை சடன் பிரேக் போட்டுத் திரும்பக் கிளம்பினால் ஒரு லிட்டர் போச்சு. வேகத்தடையும் ரயில்வே கேட்டும் வருவது முன்கூட்டியே தெரியும். அங்கே தூரத்திலேயே காலை எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனால், முழுசாக நிற்காமலே கடந்துவிடலாம்.

அலமாரி, நாற்காலி மாதிரி மர லோடும் ஜெனரேட்டர் டிரெய்லரும் காற்றோடு மல்லுக்கட்டும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை ரோடு காலியாகக் கிடக்கும்போது கால் தானாக அழுத்தும். காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு 90 கி.மீ. சொச்சம்தான். இந்த வேகத்தால் மிச்சமாவது அரை மணி நேரத்துக்கும் குறைவு. தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டுவதும் தவறுதான். அது படபடவென்று அடிக்கும் சத்தமே காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதற்கு அடையாளம்.

டாப் கியரில் போனால்தான் மைலேஜ் என்ற நம்பிக்கை இன்னொன்று. லோடு இல்லாதபோது அது சரி. டிரெய்லரோடு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் முனகி, வண்டி அதிர்ந்தால் கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். திணறுகிற இன்ஜினுக்கு டீசலை எவ்வளவு ஊற்றினாலும் அது இழுவையாக மாறாது, கரியாகத்தான் போகும். இறக்கத்தில் நியூட்ரல் போடுவது அதைவிட மோசம். இப்போது வரும் காமன் ரெயில் இன்ஜின்களில் (டீசல் பாய்வதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வகை) கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் அப்படி இல்லை, ஐடிலிங் ஓடவாவது டீசல் போய்க்கொண்டே இருக்கும். அதோடு, பின்னால் இருக்கும் டிரெய்லர் தள்ளும்போது இன்ஜின் பிரேக்கும் கைகொடுக்காது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து உயிரைப் பணயம் வைக்கிறோம்.

டிரெய்லரின் சக்கரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம். ஒருமுறை கலவை மெஷினைக் கட்டி இழுத்துக்கொண்டு பள்ளத்தூர் பக்கம் போனேன். வண்டி என்றைக்கும் இல்லாத இறுக்கமாக இருந்தது. டீக்கடையில் நிறுத்தி மெஷினின் இடது சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. கிரீஸ் உருகி ரிம்மில் கருப்பாக வழிந்திருந்தது, தீய்ந்த வாடை. வலது பக்கம் வெதுவெதுப்புதான். ஜாக்கி போட்டுத் தூக்கி இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. முந்தின வாரம் பேரிங் மாற்றியவர் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார். அதிலிருந்து டிரெய்லர் மாட்டினால் முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் பார்க்காமல் மேலே போவதில்லை.

டயரில் காத்து எவ்வளவு என்பது கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும், லோடுக்கும் காலிக்கும் அளவு வேறு வேறு. டயர் சூடாகும் முன், காலையிலேயே பாருங்கள். டிரெய்லர் டயரையும் சேர்த்துத்தான்.

மாட்டுவண்டி காலத்தில் முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் மூட்டை அடுக்க மாட்டார்கள். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் ஏறினால் டிரெய்லர் வாலை ஆட்டும், டயர் தேயும். முன்பாரம் மிஞ்சினால் பிக்கப்பின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

நம் செம்மண் ரோட்டுத் தூசிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள். பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் (புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால், அது கரியை எரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்ஜினை அணைக்கக் கூடாது. பாதியில் நிறுத்தினால் பிறகு திரும்பச் சூடேற்றி எரிக்க வேண்டிவரும், அதற்கும் டீசல்தான் செலவு.

மைலேஜை டேஷ்போர்டு முள்ளை வைத்து முடிவு பண்ணாதீர்கள். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை அதே பெட்ரோல் பங்க்கில் அதே அளவுக்கு நிரப்பிக் கணக்குப் போடுங்கள். பக்கத்திலேயே லோடையும் எழுதுங்கள்: கல், மரம், ஜெனரேட்டர், காலி. கல் ஓட்டிய நாளைக் கல் ஓட்டிய நாளோடுதான் ஒப்பிட வேண்டும்.