கடத்தில் தோல் எங்கே? இசைக்கருவிகளை வகை பிரிக்கும்போது நேரும் தவறுகள்

போன ஆண்டு ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பல நாட்டு இசைக்கருவிகளின் படங்களை வெட்டி, நான்கு கட்டம் போட்ட சார்ட் அட்டையில் ஒட்டியிருந்தாள். தோற்கருவிக் கட்டத்தில் மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் நடுவே கடம் உட்கார்ந்திருந்தது. "கடத்தில் தோல் எங்கேம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். "மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே சார் வாசிக்கிறார்கள்" என்றாள்.

பதில் தவறு. ஆனால் விவரம் தெரிந்த பெரியவர்களும் இதையேதான் வேறு வேறு விதமாகச் செய்கிறோம். கருவி எதனால் ஆனது, பார்க்க எப்படி இருக்கிறது, பெயர் என்ன, யாரோடு மேடையேறுகிறது என்றெல்லாம் பார்த்து இனம் பிரிக்கிறோம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: வாசிக்கும்போது முதலில் அதிர்வது எது?

சமையலறையில் கிடக்கும் கண்ணாடி பாட்டில் ஒன்று போதும், இதைப் புரிந்துகொள்ள. கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டுங்கள். இன்னும் ஊற்றித் தட்டினால் சுருதி இறங்கும். இப்போது அதே பாட்டிலின் வாயோரத்தில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள். தண்ணீர் ஏற ஏறச் சுருதியும் ஏறும். தட்டும்போது அதிர்வது கண்ணாடி. தண்ணீரின் பாரம் சேர்ந்தால் அதிர்வு மெதுவாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. அதற்கு இடம் குறையக் குறைய அதிர்வு வேகமாகிறது. பாட்டில் ஒன்றுதான், குடும்பம் இரண்டு. ஜலதரங்கம் இதில் முதல் வகை. பெயரில் ஜலம் இருப்பதால் தண்ணீர்தான் பாடுகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. பாடுவது பீங்கான் கிண்ணம். தண்ணீர் சுருதி சேர்ப்பதற்கு.

பொருளைப் பார்த்து ஏமாறுவதற்கு நம் கலைச்சொற்களும் ஒரு காரணம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்கிறோம். இவற்றில் தோல், நரம்பு, கஞ்சம் மூன்றும் பொருள்களின் பெயர்கள். கஞ்சம் என்றால் வெண்கலம். தாளத்துக்கும் சேகண்டிக்கும் அது சரி, மண்ணால் செய்த கடத்தை எங்கே வைப்பது? நாட்டிய சாஸ்திரம் இந்த வகையைக் 'கனம்' என்கிறது: உடலே திண்மையாக நின்று ஒலிப்பது. அந்தப் பெயரில் கடம் தடங்கலின்றி உட்காரும். எதிர்த்திசையிலும் வழுக்கி விழலாம். வட இந்திய சரோதின் குடத்தில் தோல் போர்த்தியிருக்கிறது, பழைய அமெரிக்க பாஞ்சோவிலும் அப்படியே; சீனத்து எர்ஹுவில் மலைப்பாம்புத் தோல். ஆனால் மூன்றிலும் முதலில் அதிர்வது கம்பி. தோல் அந்த ஒலியைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவுதான். மூன்றும் நரம்புக்கருவிகளே.

பொருள் மயக்கத்தில் அதிகம் அடிபடுவது சாக்ஸபோன். அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி முழுக்கப் பித்தளை. ஆனாலும் மேற்கத்திய வாத்தியக் குழுவில் இதைப் பித்தளைக் கருவிகளோடு சேர்ப்பதில்லை. கிளாரினெட்டின் உறவாக, மரக் காற்றுக் கருவிகளோடு சேர்ப்பார்கள். காரணம், வாயில் வைக்கும் இடத்தில் ஒற்றை நாணல் பட்டை அதிர்கிறது. கத்ரி கோபால்நாத் கச்சேரி செய்த அந்தப் பளபளக்கும் குழாயில் ஒலி பிறந்தது ஒரு துண்டு நாணலில். மறுபக்கம், வடக்கு ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ, கரையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரம். அதில் பட்டை, நாக்கு எதுவும் இல்லை. ஊதுபவரின் உதடுதான் அதிர்கிறது. ஆகவே அது டிரம்பெட்டின் இனம். நம் சங்கும் கொம்பும் எக்காளமும் அதே இனம்.

நாகஸ்வரத்தை 'இந்திய டிரம்பெட்' என்று சுற்றுலாக் கையேடுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அருகில் போய்ப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே விரிந்த அணசு. அணசு பூப்போல விரிந்திருப்பதால்தான் டிரம்பெட் நினைவுக்கு வருகிறது. ஆனால் மேல்முனையில், இரண்டு இதழாக ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு சீவாளி இருக்கிறது. வித்வான் அதை எச்சிலில் நனைத்து, உதட்டுக்குள் வைத்து அழுத்திப் பார்க்கிறார். பதம் சரியில்லை என்றால், வாத்தியத்திலேயே கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்துச் செருகுகிறார். ஊசியால் அதன் வாயைச் சற்றே திறந்துவிடுகிறார். பிறகுதான் ஊதுகிறார். அதிர்வது அந்த இரட்டை இதழ். ஆகவே நாகஸ்வரம் ஷெனாயோடும் ஐரோப்பாவின் ஓபோவோடும் சேர வேண்டியது.

ஒரே இனம் என்றதும் 'எது எதற்குத் தாய்' என்று கிளம்புவது அடுத்த தவறு. துருக்கியின் சுர்னா, சீனத்தின் சுவோனா இரண்டும் இரட்டைச் சீவாளிக் கருவிகள். இங்கே பெயர்களிலேயே உறவு தெரிகிறது. பாரசீகத்தின் சுர்னாய் வணிகப் பாதைகளில் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. எல்லா ஒற்றுமையும் இப்படி அல்ல. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் கட்டைவிரலால் மீட்டும் ம்பிராவிலும் வாயில் வைத்து மீட்டும் நம் மோர்சிங்கிலும் இரும்பு நாக்குதான் அதிர்கிறது. அதனால் ஒன்று மற்றொன்றின் பிள்ளை ஆகிவிடாது. வகை வேறு, வம்சம் வேறு.

பெயர் செய்யும் குழப்பத்துக்கு வீணையே சாட்சி. குப்தப் பேரரசர் சமுத்திரகுப்தர் தம் பொற்காசில் மடியில் வைத்து வாசிக்கும் வீணை, வில்லாக வளைந்த யாழ் வகை. இன்று மேடையில் நாம் பார்க்கும் சரஸ்வதி வீணை, 24 மெட்டுகள் பதித்த நீண்ட தண்டி உடையது. கிட்டாரின் இனத்தில் சேரும். வடக்கே வழங்கும் ருத்ர வீணை, இரண்டு சுரைக்குடங்கள் தாங்கும் ஒரு குழல். அது மூன்றாவது இனம். மூன்றுக்கும் ஒரே பெயர். பழைய பாடலில் வீணை என்று வந்தவுடன் சரஸ்வதி வீணையைக் கற்பனை செய்துகொள்வது அதனால்தான் ஆபத்து.

யாழ் வகையையும் கிட்டார் வகையையும் பிரிக்க எளிய வழி உண்டு. கிட்டாரில் தந்திகள் பலகைக்கு இணையாக ஓடும்; ஒரே தந்தியை வெவ்வேறு இடத்தில் அழுத்திப் பல சுரம் எடுக்கலாம். யாழில் தந்திகளின் வரிசை பலகைக்குச் செங்குத்தாக நிற்கும். ஒரு தந்திக்கு ஒரு சுரம். வில் யாழை உயிரோடு பார்க்க விரும்பினால் மியான்மரின் சவுங்கைத் தேடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று விளையாட்டுக் காட்டும். பாதியாக வெட்டிய சுரைக்குடம், மேலே மாட்டுத்தோல், நீண்ட கழுத்து: தூரத்தில் பார்த்தால் கிட்டார்தான். ஆனால் 21 தந்திகள், 11-ம் 10-மாக இரு வரிசையாக, தந்திகளைத் தாங்கும் செங்குத்தான குதிரையில் நிற்கின்றன. கழுத்தில் எதையும் அழுத்துவதில்லை. யாழின் குணம்தான் அதற்கு அதிகம்.

கீபோர்டு ஒரு குடும்பம் என்று நினைப்பதை உடனே விட்டுவிடலாம். கட்டைகள் வெறும் கைப்பிடி. பியானோவின் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி போய்க் கம்பியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் கம்பி மீட்டப்படுகிறது. ஹார்மோனியத்தில் துருத்திக் காற்று ரீட் என்னும் மெல்லிய உலோக நாக்கை அதிர வைக்கிறது. செலஸ்டாவில் உலோகத் தகடு ஒலிக்கிறது. முகம் ஒன்று, வயிறு நான்கு. ஹார்மோனியத்துக்கு மவுத் ஆர்கன் நெருங்கிய சொந்தம், பியானோ அல்ல. ரீட் சொந்தத்தில் மூத்தவர் சீனத்தின் ஷெங். மூங்கில் குழல்களைக் கொத்தாகச் செருகிய வாய்க்கருவி அது.

தந்தி, மரக் காற்று, பித்தளை, தாளம் என்ற நான்கையே உலகத்துக்கெல்லாம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. அது ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இந்தோனேசியாவின் கமெலானை அதற்குள் திணித்தால் வெண்கலத் தட்டுகள், குமிழ்மணிகள், பெருங்காங்குகள் எல்லாம் 'தாளம்' என்ற ஒரே மூட்டையில் விழும். ஆனால் ராகத்தின் பெரும்பகுதி அவற்றில்தான் நடக்கிறது. இன்னொன்று: கமெலான் என்பது கருவியின் பெயர் அல்ல, முழுத் தொகுதியின் பெயர். ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சுருதி. ஒன்றிலிருந்து ஒரு கருவியை உருவி இன்னொன்றில் வைத்தால் ஒட்டாது.

தோலுக்குச் சுரம் கிடையாது என்பதும் அதே பாடப்புத்தக வாசனை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கருப்புச் சோறு என்னும் பசை, தோலின் கலைந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்தித் தெளிவான சுருதியைத் தருகிறது. சி. வி. ராமன் 1920-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இன்று அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் வகைப்பாடு 1914-ல் எரிக் ஹார்ன்பாஸ்டலும் கர்ட் சாக்ஸும் (சாக்ஸபோன்காரர் அல்ல, வேறொருவர்) வெளியிட்டது. இது முழுக்க மேற்கின் சரக்கு என்று சொல்வதும் தவறு. 1876-ல் வங்காளத்தின் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னருக்குச் சுமார் நூறு இந்தியக் கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்த பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளர் மஹில்லோன், நாட்டிய சாஸ்திரத்தின் நான்கு வகைகளை ஒத்த ஒரு பகுப்பைத் தம் பட்டியலுக்குக் கைக்கொண்டார். ஹார்ன்பாஸ்டலும் சாக்ஸும் அதன்மேல்தான் கட்டினார்கள். மின்கருவிகள் என்ற ஐந்தாம் வகை பின்னால் சேர்ந்தது.

அந்த மாணவி கடத்தை மெதுவாகப் பிய்த்து வேறு கட்டத்தில் ஒட்டினாள். கையில் ஒரு படம் மிச்சம் இருந்தது: மோர்சிங். "இது, சார்?" என்றாள். 1914 பட்டியல் அதை நாக்கு அதிரும் கனக்கருவியாக வைக்கிறது. வாய்க்குள் இருக்கும் காற்று இல்லாமல் அதற்கு இசையே இல்லை, ஆகவே அது காற்றுக்கருவி என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள் என்றேன். சற்று யோசித்தாள். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே அதை ஒட்டிவிட்டு, கோந்துக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.