கேட் தேர்வுக்கு எந்தப் புத்தகம், எப்போது?

தொண்டி, மண்டபம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிக் கனவோடு, அதற்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளே, எடுத்த எடுப்பில் கட்டுக்கட்டாகப் புத்தகம் வாங்க வேண்டாம். கணக்குக்கு 8 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பாடநூல்களைக் கரைத்துக் குடித்தாலே அடித்தளம் உறுதி. பலரைக் கவிழ்ப்பது ஆங்கில வாசிப்புப் பகுதிதான். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, பத்திக்கு ஒரு வரியாகச் சாரத்தை எழுதிப் பாருங்கள். குறுக்கு வழி கிடையாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 – ஜூன் 14 தடைக்காலத்துக்குள் அடிப்படையை முடித்துவிட்டால், ஜூலையிலிருந்து பழைய வினாத்தாள்கள். பகுதிக்கு 40 நிமிடம், கடிகாரம் வைத்தே எழுதுங்கள். கொள்குறி வினாவில் சரிக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும், குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். தேர்வு பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு, அடைமழைக் காலம். மதுரையில் மையம் என்றால் முந்தைய நாளே போய்த் தங்கிவிடுங்கள்.