தொட்டறிந்து ஆடும் சதுரங்கம்: பார்வையற்றவருக்குக் கற்றுத்தருவது எப்படி?

பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் எவ்விதச் சலுகையும் இன்றி நேருக்கு நேர் மோதக்கூடிய விளையாட்டுகள் மிகச் சிலவே. சதுரங்கம் அவற்றுள் ஒன்று. காய்களின் நகர்வு விதிகளில் எந்த மாற்றமும் இல்லை, பலகைதான் வேறு.

அப்பலகையில் கறுப்புக் கட்டங்கள் வெள்ளைக் கட்டங்களைவிடச் சற்று உயர்ந்திருக்கும். 64 கட்டங்களிலும் துளை உண்டு. காயின் அடியிலுள்ள முளை அதில் இறங்கி நிற்பதால், விரல்கள் தடவிச் செல்லும்போது காய் சாயாது. கறுப்புக் காய்களின் உச்சியில் தனி அடையாளம் ஒன்று இருக்கும். இத்தகைய பலகை கிடைக்காவிட்டால், பயணத்துக்கென விற்கப்படும் முளை வைத்த பலகையை வாங்கி, துளை மறையாதவாறு கறுப்புக் கட்டங்களின்மேல் அட்டைத் துண்டுகளை ஒட்டி, கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சொட்டுப் பசையை இட்டு இறுகவிட்டால் போதும். அட்டையின் தடிமன் கூடினால் முளை சரியாக இறங்காது என்பதை மட்டும் கவனியுங்கள். காந்தப் பலகை வேண்டாம். தடவும்போதே காய்கள் நழுவிவிடும்.

முதலில் காய்களை எடுத்து வைத்துவிட்டு, வெற்றுப் பலகையைக் கற்பவரின் கையில் கொடுங்கள். நெடுவரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்தும், கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணும் உண்டு, இரண்டும் சேர்ந்ததே கட்டத்தின் பெயர். வெள்ளைக் காய்களுடன் ஆடுபவரின் இடக்கை மூலையிலுள்ள ஏ1 கட்டம் உயர்ந்திருக்க வேண்டும். பலகையைச் சரியாக வைத்திருக்கிறோமா என்பதை அவரே சோதித்துக்கொள்ள இதுவே வழி. பிறகு குதிரையைக் கொடுங்கள். உயர்ந்த கட்டத்தில் நிற்கும் குதிரை எப்படித் தாவினாலும் தாழ்ந்த கட்டத்தில்தான் இறங்கும், அங்கிருந்து மீண்டும் உயர்ந்த கட்டத்துக்கே வரும் என்பதை விரல்களே கண்டுகொள்ளும். பார்வையுள்ள மாணவர்கள் பலர் இதைத் தாமதமாகவே கவனிக்கிறார்கள். இதற்கிடையில் அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் தேடிக் கண்டுபிடிக்கும்வரை பேசாமல் இருங்கள். கற்றுத்தருபவருக்குக் கடினமான பகுதி இதுதான்.

ஆட்டத்தின்போது இருவரும் தனித்தனிப் பலகை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தம் நகர்வை உரக்கச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தம் பலகையிலும் அக்காயை நகர்த்த வேண்டும். பி, சி, டி, ஈ, ஜி ஆகியவை காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், சர்வதேசப் போட்டிகளில் நெடுவரிசைகளை ஆனா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று அழைக்கிறார்கள். ‘குதிரை ஃபெலிக்ஸ் மூன்று’ என்றால் எஃப்3. வீட்டு ஆட்டத்திலேயே இதைப் பழக்கிவிடுவது நல்லது.

‘தொட்ட காயை நகர்த்த வேண்டும்’ என்ற விதி இங்கும் உண்டு. ஆனால் காயைத் துளையிலிருந்து வெளியே எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு. ஆகவே பலகை முழுவதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் தடவிப் பார்க்கலாம். எதிராளி புதியவராக இருந்தால், வீண் சச்சரவைத் தவிர்க்க இதை ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

நகர்வுகளை பிரெய்லியில் குறிக்கலாம், அல்லது ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். எதிராளி கிடைக்காத நாட்களில் லிசெஸ் (Lichess) என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஆடலாம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கென அதில் தனி வசதி உள்ளது. அப்போதும் கைப்பலகையை அருகில் வைத்து, ஒவ்வொரு நகர்வையும் அதில் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.