காருக்கு க்ளே பார் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரம் சில மாதம் நிறுத்திய காரை எவ்வளவு கழுவினாலும், பானெட்டைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சிமென்ட் துகள், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், மரப்பிசின் எல்லாம் பெயின்டோடு ஒட்டிப்போயிருக்கும். ஷாம்பூவுக்கு இவை அசையாது, களிமண் போலப் பிசையக்கூடிய க்ளே பார் என்ற கட்டிதான் தேய்க்கும்போது பிடுங்கி எடுக்கும். கையில் மெல்லிய பாலிதீன் கவர் மாட்டித் தடவினால் எங்கே சொரசொரப்பு என்று துல்லியமாகத் தெரியும். வழவழப்பாக இருக்கும் இடத்தில் க்ளே தேவையே இல்லை.

புழுதியைத் துடைக்கவே க்ளேயை எடுப்பதுதான் பெரிய தவறு. 2024 மார்ச்சில், தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தண்ணீரை மிச்சம் பிடிப்பது நல்லதுதான். ஆனால் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அதன்மேல் க்ளேயைத் தேய்த்தால், மிச்சமிருக்கும் மணல் க்ளேக்குள் புதைந்து, பெயின்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சை (கிளியர் கோட்) கீறிவிடும். கறுப்புக் காரில் வெயில் பட்டதும் அந்தக் கோடுகள் அப்பட்டமாகத் தெரியும், பாலிஷ் போட்டால்தான் போகும். அபார்ட்மென்டில் சுத்திகரித்த தண்ணீர் கிடைத்தால் ஷாம்பூ போட்டு முதலில் ஒழுங்காகக் கழுவுங்கள். தண்ணீரே இல்லையென்றால் அன்றைக்கு க்ளே வேண்டாம்.

அடுத்தது லூப்ரிகன்ட். வெறும் தண்ணீர் போதாது. க்ளேயோடு வரும் ஸ்ப்ரே, இல்லையென்றால் நீர்த்த கார் ஷாம்பூ, தாராளமாக அடிக்க வேண்டும். க்ளே வழுக்கிக்கொண்டு போக வேண்டும்; இழுத்துப் பிடித்தால் அழுத்தாதீர்கள், இன்னும் ஸ்ப்ரே செய்யுங்கள். வெயிலில் செய்தால் ஸ்ப்ரே உடனே காய்ந்துவிடும், அதனால் பேஸ்மென்ட் பார்க்கிங்தான் வசதி. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், விரல் நுனி அழுத்தத்தில் போங்கள். அழுக்கேறியதும் மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கீழே விழுந்த க்ளே குப்பைக்குத்தான். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று கழுவிப் பயன்படுத்தத் தோன்றும். ஒட்டிய மணல் கழுவினால் போகாது. தொடங்கும்போதே இரண்டு மூன்று துண்டாக வெட்டிக்கொண்டால் நஷ்டம் குறையும்.

டேங்கர், போர்வெல் தண்ணீர் காய்ந்து உண்டான வெள்ளைப் புள்ளிகளை க்ளேயால் எடுக்கப் போராடுகிறவர்கள் இங்கே நிறைய. பெயின்டை அரித்துவிட்ட உப்புக்கறை க்ளேக்கு வராது. அதற்கென்று விற்கும் கறை நீக்கியைப் போட்டுப் பாருங்கள், போகாவிட்டால் பாலிஷ்தான்.

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் என்றால் க்ளே பக்கமே போக வேண்டாம். மற்ற கார்களுக்கும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் அவசியமில்லை. க்ளே பழைய வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்; அன்றைக்கே வாக்ஸோ சீலன்டோ பூசாமல் விட்டால் பெயின்ட் பாதுகாப்பில்லாமல் நிற்கும். அழுக்கேறிப்போன க்ளேயைச் சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனி டப்பாவில் போட்டு வையுங்கள், தவறிக்கூட பானெட்டுக்கு வந்துவிடக் கூடாது.