‘ஆனா’வை விட்டேன்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் நான். சீசனில் எனக்கும் லேப் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். பெங்களூரா ரக மாங்கூழில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, 14-க்குக் கீழே இறங்கினால் லாட்டை நிறுத்திவிடுவார். நான் “சரிக்கா, ஆனா வெளிய லாரி நிக்குதே” என்பேன். அந்த ‘ஆனா’வோடு பேச்சு முறியும்.

வயோலா ஸ்போலின் 1940 வாக்கில் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக நாடக விளையாட்டுகள் அமைத்தவர். அந்த வழியில் வளர்ந்த இம்ப்ரோவில், அதாவது வசனம் எழுதாமல் மேடையிலேயே கட்டும் நாடகத்தில், கூட நடிப்பவர் சொன்னதை ஏற்று அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். “ஆமா, அதோட...” நம்ம கூத்துக் கட்டியங்காரன் விடிய விடியச் செய்வதும் ஏறக்குறைய இதுதானே!

அதை ஆலையில் முயன்று பார்த்தோம். டீ நேரத்தில் ஆறு பேர் வட்டமாக நின்று, ஆளுக்கொரு வரியாகக் கதை கட்டினோம். முதல் நாள் எல்லாரும் அசடு வழிந்தோம். மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன், “யானை கேட்டுக்குள்ள வந்துச்சு” என்றார். லேப் அக்கா முகம் மாறாமல், “ஆமா, அதோட பிரிக்ஸ் எவ்ளோன்னு கேட்டுச்சு” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அடுத்த வாரம் ரீடிங் 13.6.

“ஆமாக்கா, குறையுது. அதோட, காலைல வந்த லோடுல காய்வெட்டு நெறைய, சரியாப் பழுக்கல. தனியா எடுத்துடவா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “எடுங்க தம்பி. நல்லாப் பழுத்த லாட்டோட கலந்து இன்னொரு ரீடிங் பாப்போம்.”

14.2.

ஒன்று, ‘ஆமா’ என்பது நிலவரத்துக்குத்தான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் கெட்ட கூழும் டின்னுக்குள் போய்விடும். மேனேஜரிடம் இன்னும் முயன்று பார்க்கவில்லை.