"மண்ணு ஒரு லோடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் லாரிக்காரருக்குப் போன் போட்டு, "மண்ணு ஒரு லோடு அனுப்புங்க" என்று சொல்வதைக் கேட்டாலே எனக்குப் பகீரென்கிறது. கட்டட வேலையில் அந்த ஒரு சொல் பல பொருளுக்கு ஓடுகிறது. கொத்தனார் பூச்சுக்குக் கேட்கும் மண் உண்மையில் மணல். அஸ்திவாரத்துக்குத் தோண்டி மேலே போட்டதும் மண். தரைக்கு அடியில் ரொப்புவதும் மண். தோட்டத்துக்குக் கேட்கும் செம்மண்ணும் வண்டலும்கூட மண்தான். எது வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், லாரிக்காரர் கைவசம் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்.

ரொப்புகிற மண் எது என்று பார்க்காதது

இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீடு. பேஸ்மென்ட், அதாவது நிலமட்டத்திலிருந்து வீட்டுத் தரை வரைக்கும் உள்ள உயரம், மூன்றடி. வீட்டுக்காரர் "ரொப்புறதுக்கு மண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டிய கரிசல், லாரி வாடகை மட்டும் கொடுத்தால் போதும் என்று வந்து இறங்கியது. கொத்தனாரும் தடுக்கவில்லை. தரை போட்டு, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிக் குடியும் போனார்கள். ஐப்பசி மழை முடிந்ததும் ஹால் நடுவே டைல்ஸ் தூக்கிக்கொண்டது. பங்குனி வெயிலில் அதே இடம் இறங்கியது. நான் போய்ப் பார்த்தபோது சுவரோரம் தரைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) நடுவே விரல் நுழைந்தது. டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் வெற்றுச் சத்தம்.

கரிசல் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால்தான் மானாவாரிப் பருத்திக்கு அது அவ்வளவு நல்ல மண். தரைக்கு அடியில் போட்டால் அந்தக் குணமே வினை. கடைசியில் தரையை உடைத்து, கரிசலை அள்ளி வெளியேற்றி, கிராவல் (சரளை கலந்த மண்) அடித்து, மறுபடி தரை போட்டார்கள். முதலில் மிச்சம் பிடித்த காசு உடைக்கிற கூலிக்கே காணவில்லை.

ஆகவே "பேஸ்மென்ட் ரொப்ப கிராவல்" என்று வேலையையும் பொருளையும் சேர்த்தே சொல்லுங்கள். சென்னைப் பக்கம் சவுடு என்பார்கள். அதிலும் களி கலந்து வருவதுண்டு. லோடு இறக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். விளக்குத்திரி போல மெல்லிசாக, அறுபடாமல் நீண்டால் அது களி. யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். சரளை கலந்த மண் திரிக்கு வராமல் உதிர்ந்துவிடும்.

அப்புறம், நல்ல மண்ணே வந்தாலும் மூன்றடியையும் ஒரே நாளில் கொட்டி மூடக் கூடாது. அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இடித்து இறுக்க வேண்டும். இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் முதலில் விட்டுப்போகும் வேலை இதுதான்.

மணலையும் மண் என்றே கேட்பது

"ஆத்து மண்ணு" என்று கேட்டால், சாதாரண மண்ணைக் கழுவி எடுத்த மணலை அந்தப் பெயரில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனிப் பட்டையாகப் படியும். பட்டை தடிப்பாக இருந்தால் அந்த மணல் கான்கிரீட்டுக்கு ஆகாது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கேட்டால் கிரஷர் தூளை அனுப்புவதும் நடக்கிறது. கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு அதிலேயே நைசான பி-சாண்ட் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கடற்கரை மணல்

வேண்டாம். உப்பு கம்பியை அரித்துவிடும்.

லோடு கணக்கு

லோடு என்பது அளவே இல்லை. யூனிட்டில் பேசுங்கள், ஒரு யூனிட் 100 கன அடி. லாரிப் பெட்டியின் நீள, அகல, உயரத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். ஈர மணல் உப்பி நிற்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மேல் மண்

வேரும் சருகும் கலந்தது. ரொப்பினால் அவை மட்கி, தரைக்கு அடியில் பள்ளம் விழும். செடிக்கு ஒதுக்குங்கள்.

நடைச்சீட்டு

மண், மணல் ஏற்றி வர வண்டிக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இது. லோடு இறங்குமுன் கேட்டு, தேதியையும் வண்டி எண்ணையும் பாருங்கள்.